‘ராவிலே’ என்றால் எந்த வேளை?

கேள்வி: தேனி மாவட்டம் கூடலூரில் வசிக்கிறோம். 63 வயதான என் அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. சென்ற மாதம் எல்லைக்கு அப்பால் கேரளத்தில் உள்ள குமுளியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது அங்குள்ள மருத்துவர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையில் ‘ராவிலே ஒண்ணு’ என்றார்களாம். ஆகவே இரவில் அதையும் சேர்த்துக் கொடுக்கிறோம். அதிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து, கை நடுங்கி எழுந்துவிடுகிறார். வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுக்கிறோம். அட்டைகளின் படங்களை அனுப்பியுள்ளேன்.

பதில்: மலையாளத்தில் ‘ராவிலே’ என்றால் காலையில் என்று பொருள், இரவுக்கு அவர்கள் ‘ராத்ரி’ என்பார்கள். எல்லையோரத்தில் பலருக்கும் இது தெரிந்ததுதான் என்றாலும், முதியவர்களுக்கு நம் ‘ரா’வே முதலில் காதில் விழும்.

இதைவிடக் கவலை தருவது அட்டைகளில் இருக்கிறது. வணிகப் பெயர்கள் வேறானாலும், இரண்டிலும் மருந்துப் பெயர் கிளிமிபிரைடு என்றே அச்சிடப்பட்டுள்ளது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் இந்த மருந்து, காலை உணவை ஒட்டிக் கொடுக்கப்பட வேண்டியது. அதுவே இரட்டிப்பாகி, வயிறு காலியாக இருக்கும் நடு இரவில் வேலை செய்யும்போது இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அம்மாவின் வியர்வையும் நடுக்கமும் பெரும்பாலும் அதன் அறிகுறிகளே.

இன்றிரவு அந்தப் புதிய மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். மற்றவற்றை நீங்களாக நிறுத்தாமல், எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு நாளையே மருத்துவரிடம் காட்டுங்கள். மீண்டும் வியர்த்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தாலோ, பார்க்க மீட்டர் கைவசம் இல்லாவிட்டாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியதும் இட்லியோ கஞ்சியோ சாப்பிட வையுங்கள். கிளிமிபிரைடின் வேகம் ஏறத்தாழ ஒரு நாள் நீடிப்பதால், ஏறிய சர்க்கரை மீண்டும் இறங்கலாம். எனவே தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். கேரளத்திலும் அதே எண்தான். சர்க்கரை இறங்காமலே வியர்த்தால் அது இதயத்தின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இந்த மருந்து உடலில் தேங்கும் என்பதால், கிரியாட்டினின் பரிசோதனையையும் கேட்டு எடுத்துவிடுங்கள். பிறகு வணிகப் பெயரை விட்டுவிட்டு மருந்துப் பெயர், மில்லிகிராம், வேளை ஆகியவற்றை மருத்துவரிடமே எழுதி வாங்கி, ஒரு படியைக் கூடலூர் வீட்டிலும் மற்றொன்றைக் குமுளியில் அக்கா வீட்டிலும் ஒட்டி வையுங்கள். வேளையை மட்டும் சூரியன், நிலா என்று படமாக வரைந்துவிட்டால் அம்மாவே பார்த்து எடுத்துக்கொள்வார்.