'புட் ஆஃப் இட்' ஏன் தவறு? ஃபிரேசல் வெர்ப்களைப் பழகும் முறை

கேள்வி: நான் தமிழ் வழியில் படித்துப் பொறியியல் முடித்தவன். கோவையில் பம்ப் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் தொடர்பைக் கவனிக்கிறேன். ஆங்கில மின்னஞ்சல்கள் புரிகின்றன, எழுதவும் முடிகிறது. ஆனால் இங்கிலாந்திலிருந்து பேசுபவர்கள் 'புட் ஆஃப்', 'சார்ட் அவுட்', 'கெட் பேக் டு' என்று பேசத் தொடங்கினால் பாதி நழுவிவிடுகிறது. ஃபிரேசல் வெர்ப் (வினையும் சிறுசொல்லும் சேர்ந்து வேறு பொருள் தரும் தொடர்) பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்தும் பேசும்போது வாயில் வருவதில்லை. வந்தாலும் எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று குழப்பம். இவற்றை அலுவலக மின்னஞ்சலில் எழுதலாமா என்பதும் தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்: முதலில் அந்தப் பட்டியலை மூடி வைத்துவிடுங்கள். 'கெட் அப், கெட் ஓவர், கெட் பை, கெட் த்ரூ' என்று ஒரே வினையின் கீழ் அடுக்கப்பட்ட பட்டியல் தேடிப் பார்க்க உதவுமே தவிர, கற்க உதவாது. முகச்சாயல் ஒன்றாக இருக்கும் பத்துப் பேரை ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால் யார் பெயரும் மனத்தில் நிற்காதல்லவா, அதுபோலத்தான். உங்கள் சிரமம் புதியதும் அல்ல. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையுடன் ஒரு சிறுசொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயல்மொழியாருக்கு மிகப் பெரிய இடர்ப்பாடு என்று எழுதியிருக்கிறார்.

சொல் வரிசையைப் பற்றிய குழப்பம்தான் உண்மையில் முதலில் தீர்க்க வேண்டியது. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுதல். எதைத் தள்ளிப்போடுகிறோமோ அது பெயர்ச்சொல்லாக இருந்தால் இரண்டு இடங்களில் எங்கும் வரலாம்: 'வீ புட் ஆஃப் தி மீட்டிங்' என்பதும் 'வீ புட் தி மீட்டிங் ஆஃப்' என்பதும் சரியே. ஆனால் 'இட்', 'தெம்', 'ஹிம்' போன்ற பிரதிப் பெயர் வந்தால், அது நடுவில்தான் உட்கார வேண்டும். 'வீ புட் இட் ஆஃப்' என்பது மட்டுமே சரி. 'வீ புட் ஆஃப் இட்' என்று ஆங்கிலேயர் எவரும் சொல்வதில்லை. காரணம் தெரிந்துகொண்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. ஆங்கில வாக்கியத்தில் புதிய செய்தியும் அழுத்தமும் பெரும்பாலும் கடைசியில் விழும். 'இட்' என்பது இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் குறிக்கும் பழைய செய்தி. அதைக் கடைசியில் வைத்தால் அழுத்தம் விழ வேண்டிய இடம் வீணாகிறது. இதே காரணத்தால்தான், செயப்படுபொருள் நீண்டு போகும்போது அது பின்னுக்குத் தள்ளப்படுகிறது. 'வெள்ளிக்கிழமைக்குத் திட்டமிட்ட சோதனை ஓட்டத்தை ரத்து செய்துவிட்டோம்' என்பதை 'வீ ஹாவ் கால்ட் ஆஃப் தி ட்ரயல் ரன் பிளான்ட் ஃபார் ஃப்ரைடே' என்பார்கள். அவ்வளவு நீண்ட தொடரை 'கால்ட்' என்பதற்கும் 'ஆஃப்' என்பதற்கும் இடையில் திணித்தால், கேட்பவர் அந்த 'ஆஃப்' எப்போது வரும் என்று காத்திருக்க நேரும்.

எல்லா ஃபிரேசல் வெர்ப்களும் இப்படிப் பிரிவதில்லை என்பதுதான் சிக்கல். 'லுக் இன்டூ' (ஆராய்ந்து பார்த்தல்), 'லுக் ஆஃப்டர்' (கவனித்துக்கொள்ளுதல்), 'ரன் இன்டூ' (எதிர்பாராமல் சந்தித்தல்) ஆகியவை பிரியாதவை. இவற்றில் பிரதிப் பெயரும் கடைசியில்தான் வரும்: 'ஐ வில் லுக் இன்டூ இட்.' ஐயம் வந்தால் நடுவில் ஒரு வினையடையைச் செருகிப் பாருங்கள். 'லுக் கேர்ஃபுல்லி இன்டூ தி கம்ப்ளெயின்ட்' என்பது காதுக்கு இடறாது. ஆகவே அது பிரியாத வகை. 'கால் சடன்லி ஆஃப் தி மீட்டிங்' என்பது இடறும். ஆகவே அது பிரியும் வகை. காது இன்னும் பழகாதவர்களுக்கு அகராதியே துணை: கற்போருக்கான ஆங்கில அகராதிகள் சிலவற்றில், பிரியும் வகைக்கு மட்டும், செயப்படுபொருளைக் குறிக்கும் சொல்லுக்கும் சிறுசொல்லுக்கும் இடையே இருமுனை அம்புக்குறி ஒன்று போட்டிருப்பார்கள். அந்தக் குறியைப் பார்க்காமல் பொருளை மட்டும் படித்துவிட்டு நகர்பவர்களே அதிகம். மூன்று சொற்களாக வருபவை, அதாவது 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்ளுதல்), 'ரன் அவுட் ஆஃப்' (தீர்ந்துபோதல்), 'கெட் பேக் டு' (பிறகு பதில் சொல்லுதல்) போன்றவை, பொதுவாகப் பிரிவதில்லை. இவற்றுள் 'லுக் ஃபார்வர்ட் டு' மட்டும் தனிக் கவனம் வேண்டுவது: இதன் 'டு'வுக்குப் பின் 'மீட்' வராது, 'மீட்டிங்'தான் வரும். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்பது நம் அலுவலக மின்னஞ்சல்களில் நாள்தோறும் காணக்கூடிய பிழை.

பொருளைப் பிடிப்பதற்கு, வினையைவிடச் சிறுசொல்லையே கவனியுங்கள். 'ஈட் அப்', 'யூஸ் அப்', 'டிரிங்க் அப்' ஆகியவற்றில் 'அப்' மேலே என்ற திசையைச் சொல்லவில்லை. செயல் முழுவதும் முடிந்ததைச் சொல்கிறது. 'சாப்பிடு' என்பதற்கும் 'சாப்பிட்டுவிடு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணரும் நமக்கு இது அந்நியமானதல்ல. அங்கே 'விடு' செய்யும் வேலையை இங்கே 'அப்' செய்கிறது. 'கேரி ஆன்', 'கோ ஆன்', 'கீப் ஆன்' ஆகியவற்றில் 'ஆன்' தொடர்ச்சியைக் காட்டும். 'கட் டவுன்', 'ஸ்லோ டவுன்' என்பவற்றில் 'டவுன்' குறைதலைக் காட்டும். ஆனால் இதை எல்லா இடத்திலும் நம்பி இறங்கிவிடக் கூடாது. 'தி லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் மணி அடித்தது. 'தி மில்க் ஹாஸ் கான் ஆஃப்' என்று இங்கிலாந்துக்காரர் சொன்னால் பால் கெட்டுவிட்டது. படிவத்தை நிரப்புவதைப் பிரிட்டனில் பெரும்பாலும் 'ஃபில் இன்' என்றும், அமெரிக்காவில் 'ஃபில் அவுட்' என்றும் சொல்வார்கள். உள்ளும் வெளியும் ஒன்றாகிவிடும் இந்த விந்தைக்கு விளக்கம் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

தொலைபேசியில் நழுவுவதற்குப் பொருள் தெரியாமை மட்டும் காரணமல்ல. மெய்யீற்றின் மேல் உயிர் வந்து ஏறும் என்று பள்ளியில் படித்தோமே, ஆங்கிலப் பேச்சிலும் அதுவே நடக்கிறது. 'புட் இட் ஆஃப்' என்பது காதில் 'புட்டிட்டாஃப்' என்றும், 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்' என்றும் ஒரே சொல்லாக விழும். மூன்று சொற்களை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காது அதைத் தவறவிடுகிறது. எனவே எழுத்தில் படித்ததை அப்படியே விடாமல், 'இட்'டை நடுவில் வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அழுத்தம் கடைசிச் சிறுசொல்லில் விழட்டும். அகராதிச் செயலிகளின் ஒலிப்பதிவைக் கேட்டுச் சரிபார்க்கலாம். பழகுவதற்கான வாக்கியங்களையும் உங்கள் வேலையிலிருந்தே எடுங்கள். சரக்கு அனுப்புவது தள்ளிப்போனது, விலைப்புள்ளியை அவர்கள் மறுத்தது, மோட்டார் நின்றுபோனது, கையிருப்பு தீர்ந்தது ஆகியவை உங்கள் அன்றாடச் செய்திகள். அவற்றுக்கு முறையே 'புட் ஆஃப்', 'டர்ன் டவுன்', 'பிரேக் டவுன்', 'ரன் அவுட் ஆஃப்' என்பவை போதும். அவற்றை முழு வாக்கியமாக எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த அழைப்பிலேயே இரண்டு பயன்படும்.

மின்னஞ்சலில் எழுதலாமா என்றால், தாராளமாக எழுதலாம். ஃபிரேசல் வெர்ப் என்றாலே கொச்சை என்பது நம் வகுப்பறைகளில் பரவிய தவறான எண்ணம். 'கேரி அவுட்', 'செட் அப்', 'ரூல் அவுட்' ஆகியவை அரசு அறிக்கைகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இயல்பாக வருபவை. ஒப்பந்தம், சட்ட அறிவிப்பு போன்றவற்றில் 'புட் ஆஃப்' என்பதைவிட 'போஸ்ட்போன்' பொருத்தம். நேர்ப்பேச்சிலோ 'ஐ கேனாட் டாலரேட் தி டிலே' என்பது விறைப்பாக ஒலிக்கும், 'ஐ கான்ட் புட் அப் வித் தி டிலே' என்பதே இயல்பு. எழுத்தில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. வினையாக வரும்போது 'லாக் இன்', 'பேக் அப்', 'செட் அப்' என்று இடைவெளி விட்டு இரண்டு சொற்களாக எழுத வேண்டும். பெயர்ச்சொல்லாகும்போதுதான் அவை சேர்ந்து ஒரே சொல்லாகும். 'ப்ளீஸ் லாகின்' என்று சேர்த்து எழுதுவது, பரவலாக இருந்தாலும், கவனமாக எழுதுபவர்கள் தவிர்ப்பது.

நம் ஊர் ஆங்கிலத்துக்கே உரிய சிலவற்றையும் களைய வேண்டும். 'லைட்டை ஆஃப் பண்ணு' என்ற தமிழின் வழியே வருவது 'ஆஃப் தி லைட்'. ஆங்கிலத்தில் அணைத்தல் என்ற பொருளில் 'ஆஃப்' தனியே வினையாகாது, 'டர்ன் ஆஃப்' அல்லது 'ஸ்விட்ச் ஆஃப்' என்றே சொல்ல வேண்டும். சமாளிப்பதைச் சொல்லும் 'கோப் அப் வித்' என்பதில் 'அப்' வேண்டாதது. கூட்டத்தை முன்கூட்டியே வைப்பதற்கு நாம் சொல்லும் 'பிரீபோன்' பிரிட்டனில் பலருக்குப் புரியாது. அவர்கள் 'பிரிங் ஃபார்வர்ட்' என்பார்கள். எல்லாவற்றையும்விட, 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2018' என்று உங்களை அறிமுகம் செய்துகொள்ளாதீர்கள். இந்தியாவில் அது பட்டம் பெற்றதைக் குறிக்கும். வெளிநாட்டவர் பெரும்பாலோர் அந்த ஆண்டில் நீங்கள் மயங்கி விழுந்ததாகத்தான் புரிந்துகொள்வார்கள். 'ஐ கிராஜுவேட்டட் இன் 2018' என்று சொன்னால் போதும்.