மயக்க மருந்து எம்.டி. முதற் பகுதி: அடிப்படை விஞ்ஞான மீட்டல் – கேள்வி பதில்

மலையகத்து ஆஸ்பத்திரிகளில் வேலை செய்துகொண்டே பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்கள் கேட்ட கேள்விகளும், மயக்க மருந்து வைத்திய நிபுணர் ஒருவர் தந்த பதில்களும். அமுக்கம் வரும் இடங்களில் அலகு மி.மீ. இரசம், வேறு அலகென்றால் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கிறது.

டிக்கோயா: மெடம், கிழமைக்கு இரண்டு மூன்று ஒன்கோல் (அழைத்தால் போக வேண்டிய கடமை) வருகிறது. ஆறு மாதம் கையில் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

உடற்றொழிலியலில் தொடங்குங்கள். சுவாசம், குருதிச் சுற்றோட்டம், சிறுநீரகம், அமில-கார சமநிலை என்ற வரிசையில் போங்கள். மருந்தியலில் பாதியும் பௌதிகத்தில் பாதியும் இந்த நான்கின் மேல்தான் நிற்கின்றன. நான்கு மாதம் படிப்பு. மிச்ச இரண்டு மாதமும் கேள்வி செய்யவும் வாய்விட்டுச் சொல்லவும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, கடைசிக் கிழமை வரை புதுப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு தலைப்புக்கு ஒரே ஒரு பக்கம். வரைவிலக்கணம், சமன்பாடு, வரைபடம், மூன்று நான்கு எண்கள், அவ்வளவுதான். மறுநாள் வெற்றுத்தாளில் அதையே பார்க்காமல் கீறுங்கள். ஒரு கிழமை கழித்து ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை. ஒன்கோல் முடிந்த நாளில் புதிதாக எதையும் திறக்க வேண்டாம். பழைய பக்கம் ஒன்றைக் கீறினால் போதும். கிரெப்ஸ் வட்டத்தின் நொதியப் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்கிற நேரத்தில் இதய வட்டத்தின் அமுக்க வரைபடத்தை ஐந்து தரம் கீறிவிடலாம்.

நுவரெலியா: உயரமான இடத்தில் வேப்பரைசர் (திரவ மயக்க மருந்தை ஆவியாக்கிக் கலக்கும் கருவி) எப்படி நடந்துகொள்ளும்? ஒரு புத்தகம் செறிவு கூடும் என்கிறது, இன்னொன்று மாற்றமே இல்லை என்கிறது. எதை எழுத?

இரண்டும் சரிதான். முதலாவது நூற்றுவீதத்தைச் சொல்கிறது, மற்றது பகுதியமுக்கத்தை (மொத்த அமுக்கத்தில் அந்த ஆவியின் பங்கு). மனப்பாடம் செய்யாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் ஊரே உதாரணம். 1868 மீற்றர் உயரம், வளியமுக்கம் சுமார் 610.

20 பாகை செல்சியஸில் ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்தின் நிரம்பலாவியமுக்கம் (திரவத்தின் மேல் ஆவி நிரம்பி நிற்கும்போது அதன் அமுக்கம்) 238. அது வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. மலை ஏறினாலும் மாறாது. வேப்பரைசர் அறைக்குள் போகும் ஒவ்வொரு லீற்றர் வாயுவும் ஏற்றிக்கொண்டு வரும் ஆவி, கடல்மட்டத்தில் 238/(760−238), அதாவது 0.456 லீற்றர். நுவரெலியாவில் 238/(610−238), அதாவது 0.64 லீற்றர். ஆவி 1.4 மடங்கு. டயலில் 1% வைத்தால் வெளியே வருவது கிட்டத்தட்ட 1.4%.

இனி பகுதியமுக்கம். கடல்மட்டத்தில் 760இல் 1% என்பது 7.6. இங்கே 610இல் 1.4% என்பது 8.5. மூளைக்குத் தெரிவது இந்த எண்தான், வீதம் அல்ல. ஆகவே விடை: வீதம் நன்றாகக் கூடும், பகுதியமுக்கம் சற்றே கூடும், நோயாளியில் விளைவு ஏறக்குறைய அதே, டயலை மாற்றத் தேவையில்லை. இன்னொரு மயக்க மருந்தான செவோஃப்ளூரேனுக்கு நிரம்பலாவியமுக்கம் 160 என்று போட்டு நீங்களே செய்து பாருங்கள், வித்தியாசம் இன்னும் குறையும்.

மூன்றாவது மருந்தான டெஸ்ஃப்ளூரேன் இதற்கு நேர்மாறு. அதன் வேப்பரைசர் மருந்தை 39 பாகைக்குச் சூடாக்கி, சுமார் 2 வளிமண்டல அமுக்கத்தில் ஆவியாகவே வைத்து, குறித்த வீதத்தைக் கலந்து விடுகிறது. வீதம் மாறாது. ஆகவே பகுதியமுக்கம் விழும்: 6% கடல்மட்டத்தில் 45.6, நுவரெலியாவில் 36.6. ஈடுகட்ட 6 × 760/610, அதாவது 7.5% வைக்க வேண்டும். ஏன் இப்படியொரு தனி இயந்திரம் என்று பரீட்சகர் கேட்டால் மேலே போட்ட அதே பின்னத்தைக் காட்டுங்கள். டெஸ்ஃப்ளூரேனின் நிரம்பலாவியமுக்கம் 20 பாகையில் சுமார் 665. 610இலிருந்து கழித்தால் கீழ்ப்பகுதி மறையெண் ஆகிவிடும். உங்கள் தியேட்டரில் அது 20 பாகையிலேயே கொதிக்கும் என்பதுதான் அதன் அர்த்தம்.

நுவரெலியா, மற்றொருவர்: அப்படியானால் வளி சுவாசிக்கும் நோயாளிக்கும் ஒட்சிசன் குறைவுதானே?

குறைவுதான். நுரையீரல் சிற்றறை வாயுச் சமன்பாட்டை எழுதுங்கள்: 0.21 × (610−47) = 118. காபனீரொட்சைட்டு 40ஐச் சுவாச ஈவு 0.8ஆல் பிரித்தால் 50. மிச்சம் 68. கடல்மட்டத்தில் இது 100. நீராவியின் 47ஐக் கழிக்க மறப்பதுதான் வழமையான பிழை. உடல் வெப்பநிலை மாறாததால் உயரம் எதுவானாலும் அந்த 47 அப்படியே இருக்கும்.

ஆனால் கேள்வி இத்துடன் முடியாது. சத்திரசிகிச்சை முடிந்து மோர்ஃபின் கொடுத்த நோயாளியின் காபனீரொட்சைட்டு 60க்கு ஏறினால்? 60/0.8 = 75. கொழும்பில் 150−75 = 75; குருதியின் ஒட்சிசன் நிரம்பல் 90%க்கு மேலேயே நிற்கும். நுவரெலியாவில் 118−75 = 43; நிரம்பல் 80%க்குக் கீழே. அதே மருந்து, அதே அளவு. 28% ஒட்சிசன் வைத்தால் 158−75 = 83 ஆகிவிடும். மூச்சு மந்தமானதை இது திருத்தவில்லை, மறைக்கிறது. ஆகவே ஒட்சிமானியை மட்டும் பார்த்துக்கொண்டிராமல் சுவாச வீதத்தையும் எண்ண வேண்டும்.

பண்டாரவளை: காலைக் குளிரில் நைட்ரஸ் ஒட்சைட்டு சிலிண்டர் கேஜ் (அமுக்கமானி) முதல்நாளை விடக் குறைவாகக் காட்டுகிறது. கசிவா?

கசிவைச் சோதிப்பது நல்லதே, ஆனால் முதலில் பௌதிகம். நைட்ரஸின் அவதி வெப்பநிலை (அதற்கு மேலே எவ்வளவு அமுக்கினாலும் வாயு திரவமாகாது) 36.5 பாகை. அதற்குக் கீழே சிலிண்டருக்குள் திரவமும் மேலே ஆவியும் இருக்கும். கேஜ் காட்டுவது ஆவியமுக்கத்தை மட்டும். 20 பாகையில் சுமார் 51 பார், 10 பாகையில் சுமார் 40 பார். திரவம் ஒரு சொட்டு மிஞ்சினாலும் இதே எண்தான். திரவம் தீர்ந்த பிறகுதான் கேஜ் உள்ளிருக்கும் அளவோடு சேர்ந்து விழத் தொடங்கும். இன்னொன்று, வேகமாக வாயு எடுக்கும்போது ஆவியாதலின் மறைவெப்பம் சிலிண்டரிலிருந்தே போவதால் அது குளிர்ந்து கேஜ் இறங்கும். மூடி வைத்தால் திரும்ப ஏறும்.

உள்ளே எவ்வளவு என்று அறிய நிறுக்க வேண்டும். சிலிண்டரில் பொறித்திருக்கும் வெற்று நிறையைக் கழித்து 2.2 கிலோ வந்தால், 44 கிராமுக்கு ஒரு மூல் என்று 50 மூல். கடல்மட்டத்தில் மூலுக்கு 24 லீற்றர், ஆக 1200 லீற்றர். நிரப்பு விகிதம் (நிரப்பிய வாயுவின் நிறை, அதே சிலிண்டர் கொள்ளும் நீரின் நிறையில் எத்தனை பங்கு என்பது) குளிர் நாடுகளில் 0.75, வெப்ப நாடுகளில் 0.67 என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஒட்சிசன் சிலிண்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவதி வெப்பநிலை −118 பாகை, உள்ளே வாயு மட்டுமே, கேஜ் பாதி என்றால் உள்ளதும் பாதி.

தலவாக்கலை: ஈரப்பதனில் எப்போதும் குழப்பம், அக்கா.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, 10 பாகை, சாரீரப்பதன் (நிரம்பத் தேவையான நீராவியில் இருக்கும் பங்கு) 100%. தனியீரப்பதன், அதாவது வளியில் உள்ள நீராவியின் அளவு, கனமீற்றருக்கு 9.4 கிராம்தான். அதே வளியை 37 பாகைக்குச் சூடாக்கினால் நிரம்ப 44 கிராம் தேவை. சாரீரப்பதன் 21%க்கு விழுகிறது. மிச்சம் 35 கிராமை மூக்கும் தொண்டையும் தருகின்றன. மூச்சுக்குழலுக்குள் குழாய் போட்டால் அந்த வழி அடைபடுகிறது, சிலிண்டர் வாயுவோ முற்றிலும் உலர்ந்தது. இந்த மூன்று எண்கள் போதும்.

பதுளை: மருந்துகளின் பீ.கே.ஏ. எண்களை (மருந்தில் பாதி அயனாகியிருக்கும் பி.எச்.) எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

நான்கைந்து போதும். அயனாகாத பங்குதான் நரம்பின் கொழுப்புச் சவ்வைக் கடக்கும். காரத்துக்கு, பீ.கே.ஏ.யிலிருந்து பி.எச்.ஐக் கழித்தால் வருவது அயனான பங்குக்கும் அயனாகாத பங்குக்குமான விகிதத்தின் மடக்கை. விறைப்பு மருந்தான லிக்னோகெயின் 7.9: உடலின் பி.எச். 7.4உடன் வித்தியாசம் 0.5, விகிதம் 3.2, அயனாகாதது 24%. இன்னொரு விறைப்பு மருந்தான புப்பிவகெயின் 8.1: அயனாகாதது 17%, ஆகவே தொடக்கம் மெதுவு. சீழ் பிடித்த இடத்தில் பி.எச். 6.9 என்றால் லிக்னோகெயினில் அயனாகாதது 9%. அங்கே ஊசி ஏன் பிடிப்பதில்லை என்ற கேள்விக்கு இதுவே முதல் விடை.

பரீட்சகர்களுக்குப் பிடித்த பொறி, மோர்ஃபின் வகை வலிநீக்கிகளான ஃபென்ரனிலும் அல்ஃபென்ரனிலும். கொழுப்பில் கூடுதலாகக் கரைவது ஃபென்ரனில், ஆனால் முந்தி வேலை தொடங்குவது அல்ஃபென்ரனில். பீ.கே.ஏ. 8.4க்கு எதிரே 6.5, அயனாகாதது 9%க்கு எதிரே 89%. மயக்க ஊசி மருந்தான தயோபென்ரோன் அமிலம் என்பதை மறந்து இதே கணக்கைக் காரம் போலச் செய்தால் விடை தலைகீழாகும்.

வெலிமடை: மரக்கறித் தோட்டப் பக்கம் என்பதால் ஒர்கனோபொஸ்பேற் நஞ்சுண்டவர்கள் வருகிறார்கள். சக்ஸமெதோனியத்தை (குறுகிய நேரத் தசைத்தளர்த்தி) வைத்து என்ன கேட்பார்கள்?

நஞ்சு இரண்டு கோலினெஸ்தரேஸ் நொதியங்களையும் முடக்குகிறது. அசற்றைல்கோலினெஸ்தரேஸ் முடங்குவதால் எச்சில், மெதுவான நாடி, தசைத்துடிப்பு. பிளாஸ்மா கோலினெஸ்தரேஸ் முடங்குவதால், ஐந்து நிமிடத்தில் விட வேண்டிய சக்ஸமெதோனியம் மணிக்கணக்கில் நீளும். இன்னொரு தசைத்தளர்த்தியான மிவகூரியமும் அப்படியே. ரெமிஃபென்ரனில், எஸ்மலோல், அட்ரகூரியம் ஆகியவை இந்த நொதியத்தை நம்பியில்லை. இவற்றையும் பட்டியலில் சேர்த்துத்தான் பலர் புள்ளியை விடுகிறார்கள். குழாய் போட வேறொரு தசைத்தளர்த்தியான ரொகுரோனியத்தைக் கிலோவுக்கு 1–1.2 மி.கி. எடுக்கலாம், ஆனால் நரம்பு-தசைச் சந்தியில் அசற்றைல்கோலின் குவிந்திருப்பதால் எதிர்பார்த்த அளவுக்குப் பிடிக்காமல் போகலாம். நியோஸ்ரிக்மின் கொடுத்த பிறகு சக்ஸமெதோனியம் நீள்வதும் பிளாஸ்மா கோலினெஸ்தரேஸ் முடங்குவதால்தான்.

டிபியூகெயின் எண் (டிபியூகெயின் என்ற மருந்து பிளாஸ்மா கோலினெஸ்தரேஸை எத்தனை வீதம் தடுக்கிறது என்பது) நொதியத்தின் தரத்தைச் சொல்கிறது, அளவை அல்ல: இயல்பானவர் 80, ஒரு மரபணு மாறியவர் 60, இரண்டும் மாறியவர் 20. ஈரல் நோயிலோ கர்ப்பத்திலோ நொதியம் குறைந்தாலும் எண் 80 பக்கமே நிற்கும்.

கண்டி: உடற்கூற்றியல் எவ்வளவு?

குறைவாக, ஆனால் ஊசி போகும் வழிகளை முழுதாக. குரல்வளை நரம்புகள், முதலாம் விலா, புய நரம்புப் பின்னல், உட்கழுத்து நாளம், முழங்கை முன்பள்ளம், எபிடியூரல் வெளி, பிரிமென்றகட்டின் துவாரங்கள் (டி8, டி10, டி12). கால் எலும்புகளை விட்டுவிடலாம்.

ஹப்புத்தளை: வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) விஷயம் தெரிந்தும் வாய் அடைத்துப்போகிறது. ஆங்கிலமும் தடுமாறுகிறது.

ஒழுங்கு இல்லாததால்தான் பெரும்பாலும் அடைக்கிறது. வரைவிலக்கணம், அலகு, அச்சுகள், எண்கள், பிறகு நோயாளி. எந்தத் தலைப்பானாலும் இந்த வரிசை. ஒட்சிசன் பிரிகை வளைவு (ஒட்சிசன் பகுதியமுக்கத்துக்கு எதிரே ஈமோகுளோபினின் நிரம்பல்) என்றதும் "வலப்பக்கம் நகர்த்துபவை" என்று பட்டியல் தொடங்காதீர்கள். முதலில் அச்சுகளைக் கீறி இரண்டுக்கும் பெயரும் அலகும் எழுதுங்கள். பிறகு புள்ளிகள்: 26.6க்கு 50%, 40க்கு 75%, 60க்கு 90%, 100க்கு 97%. அதன்பின் வளைவு. புள்ளி வைக்காமல் வளைவு கீறினால் அது எங்கேயோ போய்விடும், பரீட்சகரும் அதையே பிடித்துக்கொள்வார்.

விளங்கிக்கொள்வதைத் தமிழிலேயே செய்யுங்கள், உயர்தரத்தில் படித்த பௌதிகம் கைகொடுக்கும். சொல்லிப் பழகுவது மட்டும் ஆங்கிலத்தில். இரவில் ஒரு நண்பருடன் தொலைபேசியில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தலைப்பு, குரலைப் பதிவுசெய்து மறுநாள் கேளுங்கள். முதல் முப்பது விநாடியில் வரைவிலக்கணம் வந்ததா என்று மட்டும் பாருங்கள்.

மாத்தளை: புள்ளிவிவரவியலை விட்டுவிட்டால் என்ன, மெடம்?

விடாதீர்கள், ஒரு மாலை வேலைதான். 1000 பேர், நோய் 10%, சோதனையின் உணர்திறனும் (நோயுள்ளவர்களைச் சரியாகப் பிடிப்பது) தனித்தன்மையும் (நோயற்றவர்களைச் சரியாக விடுவது) தலா 90% என்று நான்கு பெட்டி கீறுங்கள். நோயுள்ள 100 பேரில் 90 பேருக்கு நேர்விடை. நோயற்ற 900 பேரிலும் 90 பேருக்கு நேர்விடை. ஆகவே நேர்விடை வந்தவர்களில் பாதிப் பேருக்கே நோய். நோய் 1% என்று மாற்றினால், 9 பேருக்கு எதிரே 99 பேர். அது 8%க்கு விழும். உணர்திறன் அசையவில்லை, முன்கணிப்புப் பெறுமானம் (நேர்விடை வந்தவர்களில் உண்மையில் நோயுள்ள பங்கு) மட்டும் விழுந்தது.