ஜி.ஐ. ஷீட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில், 120, 275 என்று போட்டிருப்பது என்ன? கூரைக்கு எதை வாங்கலாம்?

அந்த எண் தகட்டின் கனம் இல்லை. ஒரு சதுர மீட்டர் தகட்டில், இரண்டு பக்கமும் சேர்த்து, எத்தனை கிராம் துத்தநாகம் ஏறியிருக்கிறது என்பதுதான் அது. 275 என்றால் பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான், தலைமுடியை விட மெல்லிசு.

ஆலையில் இரும்புச் சுருளைப் பிரித்து, சுமார் 460 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் முக்கி எடுப்பார்கள். தகடு மேலே ஏறும்போது காற்றைப் பீய்ச்சி, மிகுந்த பூச்சை வழித்துவிடுவார்கள். எண் அங்கேதான் தீர்மானமாகிறது.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது ஒன்று உண்டு. பெயிண்ட் வெறும் போர்வைதான். துத்தநாகமோ, கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. அது தீரும்வரைதான் பாதுகாப்பு என்பதால் கிராம் கணக்கு முக்கியம்.

ஏசி டக்ட் மாதிரி கட்டடத்துக்குள் இருப்பவற்றுக்கு 120 போதும். மழையில் நனையும் கூரைக்கு 275 வாங்குங்கள். கடலோரம் என்றால் உப்புக்காற்று துத்தநாகத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். அங்கே அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுள்ள தகடு நல்லது.

அப்புறம், ஈரத்தோடு ஷீட்டுகளை அடுக்கி வைக்காதீர்கள், வெள்ளைத்துரு பிடிக்கும். வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும். அங்கே துத்தநாகப் பெயிண்ட் அடியுங்கள். வெல்டிங்கில் பூச்சு எரிந்து வரும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரலாம், வெல்டரைக் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யச் சொல்லுங்கள்.