கேப்பர் மலையில் ஹெம்ப்கிரீட் வீடு

கேள்வி: கடலூர் கேப்பர் மலையில் எங்களுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. தானே புயலில் மரங்கள் சாய்ந்தபின் அது நாற்புறமும் காற்று வீசும் வெறும் மேடாகக் கிடக்கிறது. அங்கே 1000 சதுர அடியில், சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஹெம்ப்கிரீட் சுவர்களோடு வீடு கட்ட விரும்புகிறோம். எங்கள் வயலில் விதைக்கும் சணப்பையையே அதற்குப் பயன்படுத்தலாமா? அந்தச் சுவர் புயலைத் தாங்குமா?
– வாசகர், கடலூர்

பதில்: சாக்கு நெய்யும் சணல் வேறு, பசுந்தாள் உரத்துக்காக விதைக்கும் சணப்பை வேறு, ஹெம்ப் வேறு. ஹெம்ப் என்பது கஞ்சா இனத்தில் போதைச் சத்து மிகக் குறைந்த வகை. அதன் தண்டிலிருந்து நாரை உரித்தபின் எஞ்சும் கட்டைப் பகுதியைச் சில்லுகளாக நறுக்கி, சுண்ணாம்பும் நீரும் சேர்த்துக் கலந்து, பலகை அடைப்புக்குள் மெல்லத் தட்டி நிரப்புவதே ஹெம்ப்கிரீட். சணப்பையைப் பூக்கும் பருவத்திலேயே மடக்கி உழுதுவிடுவதால் அதன் தண்டில் கட்டை முற்றுவதில்லை; ஆகவே அது இதற்கு உதவாது.

ஹெம்ப் பயிரிடுவதற்கு 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி மாநில அரசின் அனுமதி வேண்டும். உத்தராகண்ட் மாநிலம் 2018இல் அந்த வழியைத் திறந்தது. அங்கிருந்து சில்லை வரவழைப்பதானால், உங்கள் வீட்டின் வெளிச்சுவர்களை ஓரடி கனத்தில் எழுப்ப ஏறத்தாழ மூன்றரை டன் தேவைப்படும். எடையில் இது பெரிதன்று. ஆனால் பஞ்சுபோல் இடத்தை அடைக்கும் பொருளாதலால் லாரி நிறைந்துவிடும், அந்த லாரி 2000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவர வேண்டும். சுற்றுச்சூழலுக்காகவே இதைத் தேர்ந்தெடுக்கும் நீங்கள் இந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புயலைப் பொறுத்தவரை, ஹெம்ப்கிரீட் சுமை தாங்கும் சுவரன்று. ஒரு கனமீட்டர் 300 முதல் 400 கிலோ எடைதான் இருக்கும். கூரையைச் சுமக்க மரச்சட்டமோ கான்கிரீட் தூண்களோ கட்டாயம் வேண்டும். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே கரையைக் கடந்தபோது மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசிய காற்றை உங்கள் மேடு பார்த்திருக்கிறது. அத்தகைய காற்று சுவரைத் தள்ளுவதோடு நில்லாமல் கூரையை மேல்நோக்கி இழுப்பதால், கூரைச் சட்டம், தூண், அடித்தளம் மூன்றும் இரும்புப் பிணைப்பால் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். இதில் ஒரு முரண் உண்டு. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரைச் சாரலிலிருந்து காக்கத் தாழ்வாரம் அகலமாக நீள வேண்டும். நீண்ட தாழ்வாரமோ காற்றுக்குப் பிடி கொடுக்கும். எனவே நாற்புறமும் சரியும் கூரையை ஒன்றரை அடிக்கு மேல் நீட்டாமல் நிறுத்தி, திண்ணைக்குத் தனித் தூண்களில் தனிக் கூரை போடுங்கள். அது பிய்த்துக்கொண்டு போனாலும் வீட்டுக் கூரை தப்பும்.

வெப்பத்துக்கு வருவோம். ஹெம்ப்கிரீட் வெளி வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பதில் சிறந்தது. ஆனால் அந்தப் பலன் முழுமையாகக் கிடைப்பது சன்னல்களை மூடி வாழும் குளிர்நாடுகளில். கடற்காற்றுக்காகச் சன்னலைத் திறந்துவைக்கும் நம் ஊர் வீட்டில் வெயில் பெரும்பாலும் கூரை வழியாகவும் மேற்குச் சுவர் வழியாகவுமே இறங்குகிறது. ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால், உங்கள் நிலத்துச் செம்மண்ணைச் சோதித்து, 5 விழுக்காடு அளவில் சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கற்களால் மற்றச் சுவர்களை எழுப்பி, ஹெம்ப்கிரீட்டை மேற்குச் சுவருக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். அந்தக் கற்களைச் செய்யும் முறையை ஆரோவில்லில் உள்ள மண் கட்டுமான நிறுவனத்தில் கற்றுக்கொள்ளலாம். உங்கள் மேட்டிலிருந்து அது தொலைவில் இல்லை. எந்தச் சுவரானாலும் தரையிலிருந்து இரண்டடி வரை கருங்கல்லோ சுட்ட செங்கல்லோ இருக்கட்டும். மழை தரையில் பட்டுத் தெறிப்பது அந்த உயரத்தில்தான்.

கேள்வி: ஹெம்ப்கிரீட் வேலையை எந்த மாதத்தில் தொடங்க வேண்டும்? மேலே சிமெண்ட் பூசலாமா?
– வாசகி, பாகூர், புதுச்சேரி

பதில்: சிமெண்ட் பூசக் கூடாது. இந்தச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் அந்த வழியை அடைத்து, உள்ளே தங்கும் ஈரத்தால் சில்லைப் புழுங்கவைத்துவிடும். சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையடிப்புமே இதற்குப் பொருந்தும். பொங்கல் கழிந்ததும் சுவரை நிரப்பத் தொடங்கினால், பூசுவதற்கு முன் காயவேண்டிய ஆறு முதல் எட்டு வாரங்கள் நல்ல வெயிலில் கழியும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியதை நினைவில் வைத்து, வெளிப்பூச்சை எப்படியும் ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். சுண்ணாம்புப் பூச்சு வெயிலில் வெடிக்காதிருக்கச் சில நாட்களுக்கு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு நிழல் தர வேண்டும்.