சம்பளம் வராத வாரங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆண்டுக்கு ஒருமுறை வேலையிடங்கள் சில வாரங்கள் மொத்தமாக மூடப்படும் விடுமுறைக் காலத்தைப் பற்றித் தற்காலிகத் தொழிலாளர்களும் சிறு முதலாளிகளும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: நான் வாரச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தற்காலிகத் தொழிலாளி. எங்கள் பட்டறை ஒவ்வோர் ஆண்டும் மூன்று வாரம் மூடப்படுகிறது. விடுமுறை முடியும் வரைக்கும் என்று கணக்குப் பார்த்துப் பணம் எடுத்து வைத்தாலும், வேலை மறுபடி தொடங்கிய பிறகுதான் கை வறண்டு, கடன் வாங்கும்படி ஆகிறது. கணக்கு எங்கே இடிக்கிறது?

பதில்: மூடியிருக்கும் நாட்களை எண்ணுவதை விட்டுவிட்டுச் சம்பள நாட்களை எண்ணிப் பாருங்கள், விடை தெரிந்துவிடும். பல இடங்களில் வாரச் சம்பளம் ஒரு வாரம் தள்ளித்தான் கைக்கு வருகிறது. அதாவது இந்த வாரம் செய்த வேலைக்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் பணம். உங்கள் பட்டறையிலும் அப்படித்தான் என்றால், மூடிய முதல் வாரத்தில் சம்பளம் வந்துவிடும். ஆகவே விடுமுறையின் தொடக்கம் வழக்கமான வாரத்தைப் போலவே தோன்றும், செலவும் தாராளமாகவே நடக்கும். ஆனால் வேலைக்குத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை எதுவும் வராது, ஏனென்றால் அதற்கு முந்தைய வாரம் பட்டறை மூடியிருந்தது. கடைசிச் சம்பளத்துக்கும் அடுத்த சம்பளத்துக்கும் நடுவில் 28 நாள் ஓடிவிடுகிறது. வராமல் போகும் மூன்று சம்பளங்களில் மூன்றாவது, நீங்கள் வேலைக்குப் போய்வர ஆரம்பித்த வாரத்தில், போக்குவரத்துச் செலவும் மதியச் சாப்பாட்டுச் செலவும் திரும்ப வந்து சேர்ந்த பிறகு விழுகிறது. வாரத்தின் நடுவில் வேலை தொடங்கினால் அதற்கடுத்த சம்பளமும் குறைந்துதான் வரும். எடுத்து வைக்கும் பணம் பட்டறை திறக்கும் நாள் வரைக்கும் அல்ல, முழுச் சம்பளம் கைக்கு வரும் நாள் வரைக்கும் தாங்க வேண்டும்.

எவ்வளவு எடுத்து வைப்பது என்பதைத் தொகையாக அல்லாமல் விழுக்காடாக வைத்துக்கொள்வதே தற்காலிக வேலைக்குப் பொருந்தும். வேலை குறைந்த வாரத்தில் சேமிப்பும் தானாகவே குறைந்துகொள்ளும். ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கிறவர் 49 சம்பளத்தை 52 வாரத்துக்குப் பங்கிட வேண்டியிருப்பதால், 100-க்கு 6 வீதம் எடுத்து வைத்தால் போதும். மூடுவதற்குப் பத்து வாரம் இருக்கும்போது விழித்துக்கொள்கிறவர் பத்துச் சம்பளத்தைப் பதின்மூன்று வாரத்துக்கு நீட்ட வேண்டும், அதாவது 100-க்கு 23. தாமதமாக விழித்தவர்கள் இந்த 23-ஐப் பார்த்து மலைத்து ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடுவதுண்டு; அப்போதும் 10 எடுத்து வைத்தால் ஒரு வாரச் சம்பளம் சேர்ந்துவிடும், கடைசி வாரத்துக்குக் கடன் வாங்க வேண்டியிருக்காது.

அந்த 28 நாளுக்குள் விழும் வாடகை, மின்கட்டணம், கடன் தவணை ஆகியவற்றின் தேதிகளை இப்போதே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எதையாவது கட்ட முடியாது என்று தெரிந்தால், தேதி வருவதற்கு முன்பே சென்று அவகாசம் கேளுங்கள். தவணை தவறிய பிறகு கேட்பவருக்கு அபராதம் ஏறிவிடுகிறது, பேரம் பேசும் இடமும் போய்விடுகிறது.

கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால் வட்டியை ஆண்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு 100-க்கு 15 கட்டணம் என்று ஒருவர் சொன்னால் அது சிறிய தொகையாகத்தான் காதில் விழும். ஓர் ஆண்டில் இருபத்தாறு இரண்டு வாரங்கள் இருப்பதால், அது ஆண்டுக்கு 390 விழுக்காடு. முதலாளியிடம் வட்டியில்லா முன்பணம் கிடைக்குமானால் அதுவே மேல், ஆனால் பிடித்தம் எத்தனை வாரம், வாரத்துக்கு எவ்வளவு என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரச் சம்பளத்தை எட்டு வாரத்தில் பிடித்தால் ஒவ்வொரு வாரமும் சம்பளத்தில் கால் பங்கு போய்விடும் என்பதையும் வாங்கும்போதே நினைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நிரந்தரத் தொழிலாளர்களுக்கு விடுமுறைக் காலத்தில் சம்பளம் உண்டு, எங்களுக்கு இல்லை. கேட்டால், "உங்கள் கூலியிலேயே அது சேர்ந்திருக்கிறது" என்கிறார்கள். இது உண்மையா, சாக்கா?

பதில்: இரண்டாகவும் இருக்கலாம், உங்கள் நாட்டுச் சட்டமும் உங்கள் சம்பளச் சீட்டும்தான் அதைச் சொல்லும். ஆஸ்திரேலியாவில் தற்காலிகத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு இல்லை; அதற்கும் வேறு சில உரிமைகளுக்கும் ஈடாக மணிக் கூலியில் பெரும்பாலும் 25 விழுக்காடு கூட்டித் தருகிறார்கள். நியூசிலாந்தில் 2003-ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டப்படி, விட்டுவிட்டு வேலை செய்கிறவர்களுக்கு மொத்தச் சம்பளத்தில் குறைந்தது 8 விழுக்காட்டை விடுமுறைப் பணமாக ஒவ்வொரு சம்பளத்துடனும் சேர்த்துத் தரலாம்; ஆனால் அதற்குத் தொழிலாளி ஒப்பந்தத்தில் சம்மதித்திருக்க வேண்டும், அந்தத் தொகையும் தனித்துத் தெரிய வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் விடுப்பு ஆண்டுகளில், வேலை நேரம் நிலையாக இல்லாதவர்களுக்கு இப்படிச் சேர்த்துத் தர அனுமதி உண்டு, விகிதம் 12.07 விழுக்காடு. ஆண்டுக்கு 5.6 வார விடுப்பு, மீதி 46.4 வார வேலை, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வருவது அந்த எண்.

ஆக, "கூலியிலேயே சேர்ந்திருக்கிறது" என்று சொல்கிறவரிடம், எத்தனை விழுக்காடு என்றும் சீட்டில் எந்த வரியில் இருக்கிறது என்றும் நீங்கள் கேட்கலாம். அந்த வரியைக் காட்ட முடியாத இடத்தில் அந்தப் பதிலை நம்புவது கடினம். வரி இருக்கிறது என்றால் அந்தப் பணம் ஏற்கெனவே வந்து செலவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முதல் கேள்விக்குச் சொன்ன விழுக்காட்டை அந்த வரியிலிருந்தே எடுத்து வைப்பதுதான் முறை.

கேள்வி: பன்னிரண்டு பேரை வைத்துச் சிறு தொழில் நடத்துகிறேன். வாடிக்கையாளர்களுக்கு 30 நாள் தவணை. மூடும்போது வங்கிக் கணக்கில் நல்ல இருப்பு இருக்கிறது. திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் சம்பளம் போடவே தடுமாறுகிறேன். வியாபாரம் ஒன்றும் குறையவில்லையே?

பதில்: குறையவில்லை, அதனால்தான் பலர் இதை முன்கூட்டிப் பார்ப்பதில்லை. மூடும் நாளைப் பூச்சியமாக வைத்து நாட்களை எண்ணிக்கொள்வோம். அன்று கொடுத்த கடைசிப் பில்லின் பணம், வாடிக்கையாளர் நாணயமாக இருந்தால், 30-ஆம் நாள் வரும். 21 நாள் கழித்துத் திறந்த அன்றே புதிய பில் கொடுத்தாலும் அதன் பணம் 51-ஆம் நாளுக்கு முன்னால் வராது. உண்மையில் வேலையை முடித்துத்தான் பில் போட முடியும் என்பதால் இன்னும் தள்ளிப்போகும். இடைப்பட்ட மூன்று வாரம் வரவே கிடையாது, ஆனால் சம்பளம் 21-ஆம் நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மூடியிருந்த காலத்தின் பள்ளம் ஒரு மாதம் தள்ளி, திறந்த பிறகு வந்து நிற்கிறது. மூடும் நாளில் நீங்கள் பார்க்கும் அந்த நல்ல இருப்பு, இந்தப் பள்ளத்துக்காக ஒதுக்கப்பட்ட பணம் என்றே கொள்ளுங்கள். அதைக் கொண்டு இயந்திரம் வாங்குவதையும் சொந்தச் செலவுக்கு எடுப்பதையும் இரண்டு மாதம் ஒத்திப்போடுங்கள்.

மூடுவதற்கு முன் செய்யக்கூடியவை சில உண்டு. முடிந்த வேலைக்கெல்லாம் அன்றன்றே பில் போட்டுவிடுங்கள். பாதி முடிந்த வேலைக்கும் அந்த அளவுக்குப் பில் தர வாடிக்கையாளரிடம் முன்பே சம்மதம் வாங்குங்கள். அவர்களுடைய கணக்குப் பிரிவும் விடுமுறைக்கு மூடப்படும் என்பதால், கடைசியாக எந்தத் தேதியில் பணம் விடுவிப்பார்கள் என்று விசாரித்து, உங்கள் பில் அதற்குள் போய்ச் சேருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். வங்கியில் மிகைப்பற்று வசதி, அதாவது இருப்புக்கு மேல் பணம் எடுக்கும் ஏற்பாடு, தேவைப்படும் என்று தோன்றினால், இருப்பு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். வறண்டுபோன கணக்கைக் காட்டிக் கேட்பவருக்கு வங்கி எளிதில் தருவதில்லை. தொழிலாளர் சம்பளத்தில் பிடித்துவைத்த வரி உங்கள் பணம் அல்ல, அதைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

பற்றாக்குறை வந்தே தீரும் என்றால் யாரை முதலில் காக்க வைப்பது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சரக்கு தருபவரிடம் பத்து நாள் அவகாசம் கேட்கலாம், கட்டட உரிமையாளரிடம் பேசலாம். மூன்று வாரம் சம்பளமில்லாமல் இருந்து வந்த தற்காலிகத் தொழிலாளியின் முதல் சம்பளத்தைத் தள்ளிப்போடுவது நியாயமாகாது. மூடும் தேதியையும் திறக்கும் தேதியையும், அவற்றைவிட முக்கியமாகத் திறந்த பின் வரும் முதல் சம்பளத் தேதியையும், சில மாதங்களுக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை.

கேள்வி: வாரந்தோறும் சம்பளத்தில் ஒரு பகுதியை முதலாளியே பிடித்துவைத்து, விடுமுறைக்கு முன் மொத்தமாகத் தருவதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: கையில் பணம் தங்காதவருக்கு இது உதவும்தான். ஆனால் அந்தப் பணம் தொழிலின் கணக்கிலேயே கிடந்தால், தொழில் நொடிக்கும்போது நீங்களும் அதற்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பிரிட்டனில் மக்கள் ஆண்டு முழுவதும் பண்டிகைச் செலவுக்காகப் பணம் கட்டிவந்த ஃபேர்பாக் என்ற நிறுவனம் 2006 அக்டோபரில் முறிந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாந்து நின்றார்கள். சம்பளத்தில் பிடித்தம் செய்வது நாட்டுச் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ அனுமதிக்கும் அளவில் மட்டுமே நடக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கையும் சொல்கிறது. உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கில் அந்தப் பகுதியை நேராகப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் சம்மதிக்க வேண்டாம்.

கேள்வி: சம்பள நாள் வங்கி விடுமுறையில் விழுந்தால்?

பதில்: முந்தைய வேலை நாளிலேயே போட்டுவிடும்படி முதலாளியிடம் கேளுங்கள், முன்கூட்டி வந்த அந்தச் சம்பளம் நீளப்போகும் நாட்களுக்கும் சேர்த்துத்தான் என்பதால், அது வரும் நாளிலிருந்து அடுத்த சம்பளம் வரும் நாள் வரைக்கும் உங்கள் கணக்கைப் போடுங்கள்.