ராத்திரி புள்ளைங்க எங்க தூங்கும், டிரைவர் எங்க தூங்குவாரு? ஸ்கூல் டூருக்கு முன்னாடி கேக்க வேண்டியது

குடியாத்தத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணு எட்டாவது படிக்கிறா, ஸ்கூல்ல மைசூர் டூர், வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி திங்கக்கிழமை விடிய வந்து சேர்றாங்க. பொண்ணுக்கு சின்ன வயசுல இருந்தே வீசிங், இன்ஹேலர் வச்சிருக்கா, வீட்டை விட்டு ஒரு ராத்திரி கூட தங்கினது இல்ல. ஸ்கூல்ல குடுத்த ஃபார்ம்ல "வழியில் எது நடந்தாலும் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல"ன்னு ஒரு வரி இருக்கு, கையெழுத்து போடலாமா, அனுப்பலாமா, அனுப்பினா எப்படி தயார் பண்றதுன்னு கேக்கிறாங்க.

அனுப்புங்கம்மா. வீசிங் இருக்குன்ற ஒரே காரணத்துக்காக புள்ளைய நிறுத்தாதீங்க, கூட படிக்கிறதுங்க எல்லாம் போய்ட்டு வந்து ஒரு வருஷம் அதையே பேசிக்கினு இருக்கும், இவ மட்டும் ஓரமா நிப்பா. ஆனா ஃபார்ம்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஸ்கூலுக்கு நேர்ல போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. ராத்திரி புள்ளைங்க எங்க தூங்கும், டிரைவர் எங்க தூங்குவாரு? 26 வருஷம் இந்த வேலூர் ஜில்லாவுல வாத்தியாரா இருந்து அதுல பாதி வருஷம் டூர் இன்சார்ஜா போய்ட்டு வந்தவன் சொல்றேன், இந்த கேள்விக்கு நேரா பதில் வந்தா டூர் நல்லா இருக்கும், மழுப்பினா அங்க டூர் புரோக்கர் உள்ள பூந்துட்டான்னு அர்த்தம்.

ஏன்னா நம்ம ஊர்ல இருந்து மைசூர் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் தாண்டி போகணும், பஸ்ல எட்டு மணி நேரம் ஆயிடும். புரோக்கர் என்ன பண்ணுவான், லாட்ஜ் காசை மிச்சம் பிடிக்க போறதும் ராத்திரி, வர்றதும் ராத்திரின்னு போட்டுடுவான். விடிய அஞ்சு மணிக்கு மைசூர்ல இறங்கினா "ஃப்ரெஷ் அப்"னு ஒரு கல்யாண மண்டபத்துல ரெண்டு ரூம், அதுல நாப்பது புள்ளைங்க பல்லு விளக்கி குளிச்சு ரெடி ஆகணும். ஏழு மணிக்கு சாமுண்டி மலை, அப்புறம் ஜூ, அரண்மனை, சாயந்தரம் பிருந்தாவன். இந்த அத்தனை இடத்துக்கும் வண்டி ஓட்டுறது ராத்திரி பூரா கண் முழிச்சு ஓட்டிக்கினு வந்த அதே டிரைவர். மறுநாள் ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு அரண்மனைல லைட் போடுவாங்க, கொஞ்ச நேரம் எரியும், அதை காட்டிட்டு எட்டு எட்டரைக்கு மறுபடி அதே ஆளு ஸ்டியரிங்ல உக்காருவாரு.

ஒரு தடவை, பல வருஷம் முன்னாடி, கிருஷ்ணகிரி தாண்டி வரும்போது மணி மூன்றரை இருக்கும். புள்ளைங்க எல்லாம் தூங்குது, நான் முன் சீட்ல. வண்டி ரோட்டு ஓரத்து வெள்ளை லைனை லேசா தொட்டுட்டு திரும்புது, கொஞ்ச தூரம் போய் மறுபடி தொடுது. கண்ணாடில டிரைவர் முகத்தை பார்த்தேன், கண்ணு திறந்து தான் இருக்கு, ஆனா இமை மூடித் திறக்கவே இல்ல. தோள்ல கை வச்சு மெதுவா பேர் சொல்லி கூப்பிட்டு அடுத்த பெட்ரோல் பங்க்ல நிறுத்த சொன்னேன். இறங்கி அங்கயே தரைல துண்டை விரிச்சு படுத்தவர் ரெண்டு மணி நேரம் எழுந்திருக்கல. மூணு நாளா தூங்கலயாம், எங்களுக்கு முன்னாடி வேற ஒரு டிரிப்பு முடிச்சுட்டு நேரா வந்திருக்காரு. ரெண்டு டிரைவர்னு பேசி அட்வான்ஸ் வாங்கினவன் ஒருத்தரை மட்டும் அனுப்பிட்டான். அன்னிக்கு அம்பது வீட்டு புள்ளைங்க வண்டில இருந்துச்சு, எனக்கு இப்பவும் அந்த கண்ணாடி ஞாபகம் வருது.

1961ல போட்ட சட்டமே இருக்கு, டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தான் வேலை, தொடர்ந்து அஞ்சு மணி நேரம் ஓட்டினா அரை மணி நேரமாவது ரெஸ்ட் குடுக்கணும்னு. யார் பாக்கிறாங்க? சி.இ.ஓ. ஆபீஸ்ல, அதான் ஜில்லா முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ்ல, டூர் பெர்மிஷன் வாங்க நாலு தடவை நடக்கணும், பேர் லிஸ்ட்டு, சம்மதக் கடிதம், வண்டி பேப்பர் ஜெராக்ஸ்னு ஃபைல் தடிமனா ஆயிடும், அந்த ஃபைல்ல டிரைவர் எப்போ தூங்குவாருன்னு எழுத ஒரு கட்டம் கிடையாது. 2019ல ஜில்லாவை பிரிச்சு ராணிப்பேட்டைக்கு ஒண்ணு திருப்பத்தூருக்கு ஒண்ணுன்னு ஆபீஸ் வந்தும் கேள்வி மட்டும் மாறல. எங்கயாவது ஒரு வண்டி கவுந்தா சர்குலர் வரும், ரெண்டு மாசம் டூர் நிக்கும், அப்புறம் எல்லாம் பழைய மாதிரி.

அதனால நீங்களே கேளுங்க. வண்டி நம்பர் மூணு நாள் முன்னாடி வாங்குங்க, எம்-பரிவாகன் ஆப்ல நம்பரை போட்டா வண்டி ஓட தகுதின்னு குடுக்கிற எஃப்.சி. எதுவரைக்கும், இன்சூரன்ஸ் இருக்கா எல்லாம் வந்துடும், ரெண்டு நிமிஷ வேலை. கிளம்புற ராத்திரி மறுபடி நம்பரை பாருங்க, "அந்த வண்டி ஒர்க் ஷாப்ல இருக்கு, இது அதை விட நல்ல வண்டி"ன்னு வேற ஒண்ணை கொண்டு வந்து நிறுத்துறது இவனுங்களுக்கு கை வந்த கலை. நாலு பேரண்ட்ஸ் சேர்ந்து போய் கேட்டா ஸ்கூல்ல கோவப்பட மாட்டாங்க, ஒருத்தரா போனா தான் "நீங்க மட்டும் ஏன் சந்தேகப்படறீங்க"ன்னு சொல்லுவாங்க. இன்னொண்ணு, இத்தனை புள்ளைக்கு ஒரு டீச்சர் ஃப்ரீ, ஹெச்.எம். குடும்பமே ஃப்ரீன்னு எவனாவது சொன்னா அந்த காசு ரெண்டாவது டிரைவர் சம்பளத்துல இருந்து தான் வருது.

காட்பாடில இருந்து ராத்திரி காவேரி எக்ஸ்பிரஸ் மைசூருக்கு நேராவே போகுது. புள்ளைங்க படுத்து தூங்கிட்டு போகலாம், வீசிங் இருக்கிற புள்ளைக்கு உக்காந்துக்கினே தூங்குறதை விட அது எவ்வளவோ மேல். கல்வி சுற்றுலான்னு ஹெச்.எம். லெட்டரோட ரயில்வே ஆபீஸ்ல குடுத்தா ஸ்லீப்பர்ல பாதி கட்டணம் தான், எஸ்.சி., எஸ்.டி. புள்ளைங்களுக்கு 75 சதவீதம் கழிவு. 60 நாளுக்கு முன்னாடியே புக் பண்ணிடணும், அவ்வளவு தான் கஷ்டம். ஏன் எந்த ஸ்கூலும் செய்ய மாட்டேங்குது? அலையணும், அதுல யாருக்கும் கமிஷன் கிடையாது. இந்த வருஷம் முடியாது, அடுத்த வருஷத்துக்காவது பேரண்ட்ஸ் மீட்டிங்ல எழுப்புங்க.

அந்த ஃபார்ம் வரிக்கு வர்றேன். அதை பார்த்து பயப்படாதீங்க. ஸ்கூலோட கவனக்குறைவால ஒண்ணு நடந்தா அந்த வரி அவங்களை காப்பாத்தாது. 1995ல வடக்க பியாஸ் ஆத்துல ஸ்கூல் பிக்னிக் போன 14 புள்ளைங்க முழுகிடுச்சு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அஞ்சு லட்சம் குடுக்கணும்னு ஹைகோர்ட் சொன்னதை 2001ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணுச்சு. கையெழுத்து போடுங்க, ஆனா கீழ உங்க கையால ரெண்டு வரி எழுதுங்க: "என் மகளுக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் அவளிடமே இருக்க வேண்டும். ஆறு, அணை, சங்கமம் எங்கும் தண்ணீரில் இறக்கக் கூடாது." அதை ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ஸ்ரீரங்கப்பட்டணம் கூட்டிட்டு போவாங்க, சங்கமத்துல தண்ணி அமைதியா தான் தெரியும், காவிரி காவிரி தான்.

இப்ப இன்ஹேலர். எல்லா ஸ்கூல்லயும் ஒரு ரூல் இருக்கும், மாத்திரை மருந்து எல்லாம் பேர் எழுதி டீச்சர் கிட்ட குடுத்துடணும்னு. நல்ல ரூல், காய்ச்சல் மாத்திரை, வாந்தி மாத்திரை எல்லாம் அப்படியே குடுங்க. இன்ஹேலர் மட்டும் குடுக்காதீங்க. டீச்சர் நல்லவங்க தான், ஆனா டீச்சர் பஸ் முன்னாடி இருப்பாங்க, உங்க பொண்ணு பின்னாடி இருப்பா, மருந்து பை டிக்கில போய்டும். அரண்மனைல ரெண்டு க்ரூப்பா பிரிப்பாங்க, டீச்சர் ஒரு க்ரூப், இவ இன்னொரு க்ரூப். லாட்ஜ்ல டீச்சர் கீழ் மாடி, இவ மேல் மாடி. மூச்சு இழுக்கும்போது படி இறங்கி கதவை தட்டி பையை தேடி எடுக்கிற நேரம் அவளுக்கு கிடையாது. அதனால மூச்சு இழுக்கும்போது உடனே போடுற நீல கலர் இன்ஹேலர் சின்ன ஜிப் பவுச்ல இடுப்புலயோ கழுத்துலயோ எந்நேரமும், தூங்கும்போது தலகாணிக்கு பக்கத்துல. இன்னொண்ணு புதுசா வாங்கி டீச்சர் கிட்ட குடுங்க, அது கூடுதலுக்கு. ஸ்கூல்ல ரூல் ரூல்னு நின்னா டாக்டர் கிட்ட லெட்டர் வாங்கி குடுங்க, எத்தனை பஃப், எத்தனை நிமிஷம் கழிச்சு மறுபடி, எப்போ ஆஸ்பத்திரின்னு பெரிய எழுத்துல ஒரு தாள். தினமும் போடுற தடுப்பு இன்ஹேலர் வேற இருந்தா டூர் ஜோர்ல அதை விட்டுடுவாங்க, மூணு நாளும் போடணும்னு சொல்லி அனுப்புங்க. மைசூர்ல விடியகாலை நம்ம வேலூர் மாதிரி இருக்காது, குளிரும், ஸ்வெட்டரும் காதுக்கு ஒரு ஸ்கார்ஃபும் கைப்பைலயே இருக்கட்டும்.

மத்தது சுருக்கமா. பீரியட்ஸ் ஆரம்பிக்கலன்னாலும் ரெண்டு நாப்கின் வைங்க, லேடி டீச்சர் யாருன்னு பேர் தெரிஞ்சுக்கோங்க. ரெண்டு ஃபோன் நம்பர் பேப்பர்ல எழுதி பவுச்ல. காசு ஐநூறு, சில்லறையா. லேஸ் கட்டுற ஷூ வேண்டாம், அரண்மனைல வெளியவே கழட்டி வச்சுட்டு போகணும், கூட்டத்துல உக்காந்து கட்டிக்கினு இருந்தா க்ரூப் போய்டும். கிளம்புற ராத்திரி இட்லி போதும், எல்லாருக்கும் குடுன்னு ஆற்காடு மக்கன் பேடா டப்பா குடுத்து அனுப்பாதீங்க, ஒரு புள்ள வாந்தி எடுத்தா பின்னாலயே ஒம்பது புள்ள எடுக்கும்.

போறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை வேலூர் கோட்டைக்கு கூட்டிட்டு வாங்க. ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு செத்தது 1799, அவரோட புள்ளைங்களை கொண்டு வந்து வச்சது நம்ம கோட்டைல, 1806ல இங்க சிப்பாய்ங்க வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்தாங்க. இதை பார்த்துட்டு போனா அங்க கைடு வேகமா பேசிக்கினு போனாலும் அவளுக்கு புரியும்.

தனியா தங்கினது இல்லன்னு சொன்னீங்களே, அதுக்கு வர்ற சனிக்கிழமை பாட்டி வீட்டுலயோ சித்தி வீட்டுலயோ ஒரு ராத்திரி விடுங்க, நீங்க கூட போகாதீங்க, ஃபோனும் பண்ணாதீங்க. பையை அவளே எடுத்து வைக்கட்டும். மறுநாள் காலைல சித்தி கிட்ட கேளுங்க, படுக்கும்போது பவுச் எங்க இருந்துச்சுன்னு.