சம்பளமா, எம்.ஜி.யா?

கேள்வி: இரைப்பை, குடல், கல்லீரல் மருத்துவத்தில் டி.எம். (மெடிக்கல் காஸ்ட்ரோ) முடித்து, படிப்புக்குப் பிந்தைய கட்டாயப் பணியான பாண்ட் காலத்தையும் கழித்துவிட்டேன். வயது 34. ஒரு குழந்தை இருக்கிறது, இரண்டாவதுக்கும் யோசனை உண்டு. தென்மாவட்ட நகரம் ஒன்றில் 150 படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனை மாதம் மூன்றரை லட்சம் சம்பளம் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். இந்த வாரமே கையெழுத்துப் போடச் சொல்கிறார். இந்தத் துறைக்கு இது நியாயமான தொகையா? மேற்கொண்டு வளர்ச்சி இருக்குமா?

பதில்: முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், டாக்டர். அந்த மூன்றரை லட்சம் சம்பளமா, எம்.ஜி.யா? ஏஜென்ட்டுகள் இரண்டையுமே ‘சம்பளம்’ என்றுதான் சொல்வார்கள். எம்.ஜி. என்றால் மினிமம் கேரண்டி. நீங்கள் பார்க்கும் ஓ.பி., குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபி, வார்டு ரவுண்ட்ஸ் எல்லாவற்றிலும் உங்களுக்கு இத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுவார்கள். அது மூன்றரை லட்சத்துக்குக் கீழே வந்தால் மிச்சத்தை மருத்துவமனை நிரப்பும். மேலே போனால் போனதெல்லாம் உங்களுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நிரப்பும் வேலை பெரும்பாலும் முதல் ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். அப்புறம் வந்தது வரவு. பெயர் பரவாத ஊரில் ஏழாவது மாதம் என்ன கைக்கு வரும் என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை.

இன்னொரு வகை இதைவிட மோசம். குறைந்த மாதங்களில் நிரப்பிய தொகையை, பின்னால் கூடுதலாக வரும் மாதங்களில் பிடித்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அவர்கள் தருவது கைமாற்றுதான்.

தொகை நியாயமா என்றால், எய்ம்ஸில் உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் 7வது ஊதியக் குழுப்படி 1,01,500 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. அதோடு வைத்துப் பார்த்தால் உங்களுடையது பெரிதாகத் தெரியும். ஆனால் எம்.ஜி.யில் நீங்கள் ஊழியரே இல்லை. தொழில்முறைக் கட்டணம் என்று எழுதி, 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. இரண்டாவது குழந்தை என்று எழுதியிருக்கிறீர்களே, 26 வார பேறுகால விடுப்பு ஊழியருக்கு உள்ள உரிமை. ‘கன்சல்டன்ட்’ என்று கையெழுத்துப் போட்டவரிடம் நிர்வாகம் கையை விரித்துவிடும். உங்கள் நிலையில் தொகை கொஞ்சம் குறைந்தாலும் நிலையான சம்பளத்தையே கேட்கச் சொல்வேன்.

நம் துறையில் வருமானம் எண்டோஸ்கோபி அறையில் இருக்கிறது. அதை நேரில் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவி இல்லாவிட்டால், ஸ்கோப் வழியே பித்தக்குழாய்க் கல்லை எடுக்கும் ஈ.ஆர்.சி.பி. இல்லை, பித்தக்குழாய்க் கல்லோடு வருபவரை ஆம்புலன்ஸில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருப்பீர்கள், கற்ற கையும் துருப்பிடிக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கல்லீரல் சுருங்கியவர் ரத்த வாந்தியோடு வருவார், ரத்தம் கசியும் குழாயை ரப்பர் வளையத்தால் கட்டும் பாண்டிங்கை உடனே போட வேண்டும். மயக்க மருத்துவர் வருவாரா? டெக்னீஷியன் இருப்பாரா? இருப்பதே ஒரு ஸ்கோப் (எண்டோஸ்கோபிக் குழாய்), அதுவும் கிருமிநாசினித் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது என்றால் என்ன செய்வீர்கள்?

ஸ்கோப் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் முதலில் சேர்ந்த இடத்தில் ஒரு நோயாளிக்கு மவுத் கார்டு நழுவி, ஸ்கோப்பைக் கடித்துவிட்டார். கறுப்பு உறையில் இரண்டு பல் தடம். தண்ணீரில் அமுக்கி லீக் டெஸ்ட் செய்தால் அங்கிருந்து குமிழ் குமிழாக வந்தது. ரிப்பேர் செலவில் பாதியை என் பணத்தில் மூன்று மாதம் பிடித்தார்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் கருவிச் சேதம் பற்றி ஒரு வரி இருந்திருக்கிறது. நான் படிக்கவே இல்லை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.டி. மூன்று, டி.எம். மூன்று. இத்தனை வருடத்தில் ஒரு ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது என்று ஒரு மணி நேரமாவது சொல்லித் தந்தார்களா? சரி, தேர்வையாவது நேரத்துக்கு நடத்துகிறார்களா? டி.எம். சேர எழுதும் நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு, 2024ஆம் ஆண்டுக்கானது, நடந்தது 2025 மார்ச்சில். காத்துக் காத்துச் சலித்து வெளியே வருபவரைத்தான் ஏஜென்ட் ‘இந்த வாரமே’ என்கிறார். நீங்கள் சேர்ந்தால் அவருக்கு மருத்துவமனை கமிஷன் தரும், அவருடைய அவசரம் அதற்கு. உங்களிடமும் பணம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

‘விலகினால் 10 கிலோமீட்டருக்குள் இரண்டு வருடம் பிராக்டிஸ் செய்யக் கூடாது’ என்று ஒரு விதி இருக்கலாம். பயப்பட வேண்டாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஒரு விலக்கு உண்டு, இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். உங்கள் சொந்த கிளினிக்கை அதன் நற்பெயரோடு, அதாவது ‘குட்வில்’ என்று எழுதி, அந்த மருத்துவமனைக்கு விற்றிருந்தால், நியாயமான எல்லைக்குள் அந்தத் தடை செல்லும். இன்று உங்களுக்குக் கிளினிக் இல்லை, சரி. ஆனால் மாலையில் ஒன்று ஆரம்பித்து, அது நன்றாக ஓடும்போது ‘எங்களோடு இணைத்துவிடுங்கள்’ என்பார்கள். அன்றைக்குப் பத்திரத்தில் குட்வில் என்ற சொல் வந்தால் வக்கீலிடம் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள். இன்னொன்று, 27ஆம் பிரிவு வேலையை விட்ட பிறகுதான் உதவும். வேலையில் இருக்கும்போதே எதிர்த் தெருவில் ஓ.பி. பார்க்க அது துணை வராது.

வளர்ச்சிக்குக் குறைவில்லை. கொழுப்புக் கல்லீரல், மஞ்சள் காமாலை, மலத்தில் ரத்தம் என்று நோயாளிகள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். ஸ்கோப்பின் முனையிலிருந்தே ஸ்கேன் எடுக்கும் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டில் கை பழகினால் உங்கள் மதிப்பு கூடும். ஆளை அனுப்பும் டாக்டர்களுக்குக் ‘கட்’ கொடுத்தால்தான் கேஸ் வரும் என்று உள்ளூரில் சொல்வார்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. விதி தாளில் இருக்கிறது, கவர் மேசைக்கடியில் போகிறது. நீங்கள் அந்த வழிக்குப் போகாதீர்கள். ஈ.ஆர்.சி.பி.க்குப் பின் கணைய அழற்சி நல்ல கைகளிலும் வரும். ஆகவே நோயாளி வழக்குப் போட்டால் கைகொடுக்கும் இன்டெம்னிட்டி பாலிசியை உங்கள் பெயரில் தனியாக எடுத்துவிடுங்கள்.

இந்த வாரம் போனால் போகட்டும். ஒப்பந்த வரைவை மின்னஞ்சலில் கேளுங்கள். ஒரு திங்கட்கிழமை காலை நேரில் போய், எண்டோஸ்கோபி அறைப் பதிவேட்டில் போன மாதம் எத்தனை கேஸ் என்று எண்ணுங்கள். உங்களுக்கு முன் அங்கிருந்த காஸ்ட்ரோ டாக்டர் ஏன் போனார் என்று அவரையே கேட்கலாம். நம்பர் டெக்னீஷியனிடம் இருக்கும்.